இரண்டாம் பாகத்தில் விழுந்த அடி

படத்தின் முதல் பாகத்தில் போலீஸாக வந்து ரவுடிகளைப் பந்தாடிய நாயகன் ஏன் போலீஸானான் என்பதுதான் இரண்டாம் பாகத்தின் கதை. இளைஞனான அவனை ஓர் இன்ஸ்பெக்டர் நடுத்தெருவில் அறைய வேண்டும். மும்பையில் படப்பிடிப்பு.

இன்ஸ்பெக்டர் வேடம் துணை நடிகர் துகாராமுக்கு. முதல் பாகத்தில் திருடனாக வந்து நாயகனிடம் உதை வாங்கியவர்.

“டைரக்டர் சாப், என் இடது பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டுமா?”

“எப்படியாச்சும் நில்லுங்க காகா.” வயதானவரை மராத்தியில் அப்படித்தான் அழைப்பார்கள்.

நாயகன் ரஜ்வீர் மீசையை முறுக்கினான். “நிஜமாவே அடி. நிஜ அடி விழுந்தாத்தான் நிஜ நடிப்பு வரும்.”

அறை விழுந்தது.

“கட்!” என்றார் இயக்குநர்.

மறுபடியும் விழுந்தது.

“கட்! கட்!”

நான்காவது அறையில் ரஜ்வீர் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “யோவ் கெழவா! கட் சொன்னது காதுல விழல?”

துகாராம் தொப்பியைக் கழற்றினார்.

“இடது காது கேக்காது சாப். முதல் பாகத்துல, நிஜ அடி விழுந்தாத்தான் நிஜ நடிப்பு வரும்னு சொல்லி அறைஞ்சீங்களே, அன்னிலேர்ந்து.”

பிறகு வலது காதை இயக்குநர் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்:

“இன்னொரு டேக் போலாமா?”