திலக்ஷனுக்கு ஓர் ஆதாரம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ராசிக் நானாவின் கொமியூனிகேஷன் கடை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுமன் கூசாமல் பொய் எழுதிக்கொண்டிருந்தான்.

எல்லாம் கூடப் படிக்கும் திலக்ஷனுக்காக. போன வருடம் உயர்தர வகுப்பில் வந்து சேர்ந்த திலக்ஷன், கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கே தலைவனாகி, பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான மாகாணக் கிண்ணத்தையும் வென்று வந்தவன். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவனைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அதன் தலையில் ஒரு சிவப்புப் பட்டை: 'போதிய ஆதாரம் இல்லை. விரைவில் நீக்கப்படும்.'

நீக்கினால் போச்சு. மலேசியக் கல்லூரி ஒன்று திலக்ஷனைச் சேர்த்துக்கொள்ள யோசித்துக்கொண்டிருந்தது. அங்கே உள்ளவர்கள் முதலில் இணையத்தில்தான் தேடுவார்கள்.

"உயரம் ஆறடி அஞ்சா? அவன் என் கடை வாசல்ல குனியாமத்தானே வர்றான்?" என்றார் ராசிக் நானா.

"கையைத் தூக்கினா வரும் நானா."

அந்தக் கலைக்களஞ்சியம் இயங்கும் விதமே அழகு. யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். அச்சில் வந்த ஆதாரத்தைக் காட்டினால் எழுதியது நிற்கும். இல்லையென்றால் உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் ஒரு தொண்டர் துடைத்துவிடுவார்.

துடைத்தார். 'ஒரே ஆட்டத்தில் எழுபது புள்ளிகள்' போனது. 'தேயிலை மலையில் சிறுத்தை துரத்தியும் பந்தை விடாதவர்' போனது. 'வயதுக்கு மீறிய நிதானம்' கூடப் போனது. ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரே கேள்வி: 'ஆதாரம்?'

"யாரு பெத்த புள்ளயோ, இதே வேலையா இருக்காரு!" என்று சுமன் தலையில் கை வைத்தான்.

"ஏன் தம்பி, பேப்பர்ல அவனப் பத்தி ஒண்ணுமே வரலியா?"

சுமன் துள்ளி எழுந்தான். எஸ்டேட்டுக்கு ஓடினான். திலக்ஷனின் லயத்து வீட்டுச் சுவரில் அவன் அம்மா ராசம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த பேப்பர் துண்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பினான்.

'முதலாவது பிறந்தநாளைக் கொண்டாடும் எங்கள் செல்லக்குட்டி திலக்ஷனை அப்பா, அம்மா, மாமாமார் வாழ்த்துகின்றனர்.' எச்சில் வழியும் படத்தோடு ஞாயிறு பேப்பரில் வந்த வாழ்த்து.

பிறந்த தேதி, ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் அதில் இருந்தன. சந்தோஷத்தில் பார்த்ததைப் பார்த்தபடியே தட்டினான்.

மறுநாள் சிவப்புப் பட்டையைக் காணோம்! 'அருமையான ஆதாரம், நன்றி' என்று எழுதியிருந்தார் தொண்டர். சுமன் கதிரை மேல் ஏறி ஆடினான். ராசிக் நானா கேக் வெட்டினார். திலக்ஷன் வந்து சுமனைத் தூக்கிச் சுற்றினான்.

வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

"திலக்ஷனப் பத்தி இன்டர்நெட்ல எழுதினது யாரு? தோத்த டீம் முறைப்பாடு குடுத்திருக்கு" என்றபடி உள்ளே வந்தார் சார்ஜன்.

சுமன் கையைத் தூக்கினான். "நான்தான் சேர். ஆறடி அஞ்சு பொய். எழுபது புள்ளி பொய். சிறுத்தையும் பொய் சேர், அது எஸ்டேட் கண்டாக்கையா வீட்டு நாய்!"

"அதெல்லாம் கெடக்கட்டும். பொறந்த தேதி?"

சுமனுக்கு உயிர் வந்தது. "அது மட்டும் சத்தியமா உண்மை சேர்! பேப்பர்லயே இருக்கு, பாருங்க!" என்று போனை நீட்டினான்.

சார்ஜன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வாய் நிறையக் கேக்கோடு நின்ற திலக்ஷனுக்கு விலங்கு மாட்டினார்.

பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைத் தானாகவே கணக்குப் போட்டுக் காட்டும் அந்தக் கலைக்களஞ்சியம், பிறப்புச் சான்றிதழைத் திருத்திப் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் கிண்ணத்தை வென்றவன் பெயருக்கு நேரே 'வயது 25' என்று ஆதாரத்தோடு போட்டிருந்தது.