ஒற்றைக் கை

"என் மனைவி சொன்னதை யாரும் நம்பாதீங்க" என்று மைக்கைப் பிடித்ததுமே ஆரம்பித்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அரங்கின் மறுகோடியில் அவர் மனைவி, அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேடையில் இருந்த கல்வி அதிகாரிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெற்றோர் குழு நடத்தும் பள்ளிகளை ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைக்கலாமா என்று கருத்துக் கேட்பது அவர் வேலை. போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

மிச்சம் இந்தப் பள்ளியும் பக்கத்துப் பள்ளியும்தான். இரண்டில் ஒன்றாவது தலையாட்டாவிட்டால், அவருக்குப் பழைய கோப்பு அறைதான் என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

இன்று காற்று அவர் பக்கம் வீசியது. "குழு இருக்கட்டும், குறை இருந்தா நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்" என்று தலைமையாசிரியை கெஞ்சியபோது பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள். அறக்கட்டளை கட்டித் தருவதாகச் சொன்ன புது ஆய்வகம் மற்றவர்கள் கண்ணில் மின்னியது.

இப்போது சொந்தப் புருஷனே எதிர்க்கட்சி. இதைவிட என்ன வேண்டும்?

"தயங்காமப் பேசுங்க சார்" என்றார் அதிகாரி.

செயலாளர் தயங்கவில்லை. "பள்ளிக்கூடம் நடத்துறதைப் பத்திப் பெத்தவங்களுக்கு என்ன தெரியும்? தன் பிள்ளை எந்த வகுப்புன்னே இங்க பாதிப் பேருக்குத் தெரியாது."

குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தாள். "என் பொண்ணு ஏழாவது, சி பிரிவு. உங்க ஸ்கூட்டர் எங்க நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? கேட்டை மறிச்சிட்டு நிக்குது."

சிரிப்பு எழுந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த தையல்காரர் தன் பங்குக்குச் சொன்னார். "எங்க பிளாக்ல லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணணும்னு இவர் தீர்மானம் கொண்டுவந்தாரு சார், ஒருத்தரும் ஒத்துக்கல. அன்னையில இருந்து நாங்க படி ஏறிட்டிருக்கோம்."

"அதெல்லாம் இங்க வேண்டாம்" என்று அதிகாரி மணியைத் தட்டினார். நல்ல ஆளைப் பேச விடமாட்டேன் என்கிறார்களே என்று அவருக்கு எரிச்சல். "நீங்க சொல்லுங்க சார்."

செயலாளர் கூட்டத்தைப் பார்த்து விரலை நீட்டினார். "கண்டிக்க மேல ஒரு ஆள் வேணும். உங்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டதே தப்பு. அறக்கட்டளை சொல்லட்டும், நீங்க கேளுங்க. அவ்வளவுதான்."

செல்போன்கள் பைக்குள் போயின. தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார், தோள்கள் குலுங்கின. பாவம், சபையில் இப்படியா அவமானப்படுத்துவது என்று அதிகாரிக்கே ஒரு கணம் மனம் இளகியது.

"சரி, மாற்றத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

செயலாளரின் கை விறைப்பாக மேலே போனது. அங்கங்கே பாதி எழுந்த கைகள் அதைப் பார்த்தன. ஒன்று தலையைச் சொறிந்தது, ஒன்று கண்ணாடியைச் சரிசெய்தது, மற்றவை மடிக்குத் திரும்பின.

"எதிர்க்கிறவங்க?"

அரங்கமே கை தூக்கியது. ஆய்வகம் ஆய்வகம் என்று உருகியவர்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

அதிகாரி தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். போகட்டும், பக்கத்துப் பள்ளி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இத்தனை பேரை எதிர்த்துத் தனியாக நின்ற மனிதருக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை வராமல் அந்த அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம்.

கேட்டருகே ஸ்கூட்டரில் இருவரும் இருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை கணவரின் தோளில் கை வைத்து, ஒரு மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி தூணருகிலேயே நின்றுவிட்டார்.

"தொண்டையைப் பார்த்துக்கோங்க. அடுத்த வாரம் அவங்க ஸ்கூலுக்கும் வந்து ஆதரிச்சுப் பேசணும்னு பக்கத்து ஹெச்.எம். கெஞ்சுறாங்க."