மாற்று ஆள்

"மாமா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். நாளைக்குக் கோர்ட்டுல 'நான் வேன் ஓட்டலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

மாப்பிள்ளையின் வலது கை கட்டுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் பேப்பரை மடித்து வைத்தார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா மாப்பிள்ளை? பஸ் ஓட்டின கை இது. உங்க வேனை ஒரு நாள் நான் ஓட்டினது ஊருக்கே தெரியும். இப்ப இல்லைன்னா நாலு பேர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ஊருக்கே தெரிந்ததுதான் வினை.

மாப்பிள்ளைக்குப் பார்சல் கம்பெனியில் வேலை. கம்பெனி சட்டை, கம்பெனி வேன், கம்பெனி சொல்கிற தெரு. பெரிய பெட்டி ஒன்றை இறக்கும்போது கை முறிந்தது. சம்பளத்தோடு லீவு கேட்டான்.

"லீவா? நீ எங்க தொழிலாளியே இல்லையேப்பா! தனியா தொழில் பண்றவனாச்சே!" என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

போட்டான் கேஸ். ஜெயித்தால் அங்கே வேன் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் விடிவு. தோற்றால், கை கூடினாலும் அவனுக்கு அங்கே வேலை கிடையாது.

"முடியலைன்னா அவர் இடத்துக்கு வேற யாரையும் அனுப்பிக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஆளை மாத்தி அனுப்பறவர் எப்படித் தொழிலாளி ஆவார்?" என்றார் கம்பெனி வக்கீல்.

"அதெல்லாம் பேப்பரோட சரி. நிஜத்துல ஒருத்தரையும் விடறதில்லை" என்று மாப்பிள்ளையின் வக்கீல் அடித்துப் பேசினார்.

கேஸ் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாமனாரின் வாய் சலூன் வரைக்கும் போகாமல் இருந்திருந்தால்!

போன மழைக்காலத்தில் மாப்பிள்ளை கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சலில் கிடந்தான். "நீங்க படுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று கிளம்பிப் போன மாமனார் சாயங்காலம்தான் வந்தார்.

"அத்தனை பார்சலையும் கொடுத்தாச்சு. வேன் என் பேச்சைக் கேட்டுச்சு பாரு!" என்று அளந்தார், அளந்தார், அப்படி அளந்தார். முதலில் மகளிடம். அப்புறம் பக்கத்து வீட்டில். கடைசியில் சலூனில்.

வேறு ஒருத்தரையும் விடாத கம்பெனி இவரை எப்படி விட்டது என்று மாப்பிள்ளைக்கு அப்போதே ஆச்சரியம்தான். பழைய பஸ் டிரைவர், பேசியே மசிய வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

அதே சலூனில்தான் கம்பெனி மேனேஜரும் முடி வெட்டிக்கொள்கிறார். விடுவாரா? மாமனாரையே சாட்சிக்கு இழுத்துவிட்டார்கள்.

"உங்க வீண் பெருமைக்கு என் புருஷன் பொழப்பைக் கெடுத்துடாதீங்கப்பா!" மகள் அழுதே விட்டாள்.

"நடந்ததைச் சொல்லுவேன். அவ்வளவுதான்." எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படியும் ஒரு வறட்டுப் பிடிவாதமா என்று மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு மாமனார் கூண்டில் ஏறினார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு உங்க மாப்பிள்ளைக்குப் பதிலா வேலைக்கு நீங்க போனீங்களா?"

"போனேன்."

கம்பெனி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "வேற கேள்வி இல்லை, ஐயா."

"இருங்க, நான் இன்னும் முடிக்கலை." மாமனார் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போனேன். கேட்டுக்குள்ளேயே விடலை."

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தான்.

"'அவன் வந்தாத்தான் சாவி, நீ யாருய்யா'ன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. பஸ் ஓட்டினவன்னு சொன்னேன். லைசென்ஸைக் காட்டினேன். மாப்பிள்ளைக்கு வேலை போயிடுமேன்னு கையெடுத்துக் கும்பிட்டேங்க. 'யாரா இருந்தாலும் ஆள் மாத்த முடியாது, கம்பெனி உத்தரவு'ன்னு தோளைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்க."

இஸ்திரி போட்ட சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நிறுத்தவில்லை.

"வீட்டுல போய்ச் சொல்ல வாய் வரலை. சாயங்காலம் வரைக்கும் ஒரு பார்க்குல உட்கார்ந்துட்டு, ஓட்டினேன்னு புளுகிட்டேன். இந்த நிமிஷம் வரைக்கும் என் பொண்ணுக்குக்கூட இது தெரியாது."

நீதிபதி, கம்பெனி ஆட்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரைப் பார்த்தார். "இது உண்மையா?"

அவர் மெதுவாக எழுந்தார். "உண்மைதாங்க. அன்னிக்குப் பார்சலை மத்த வேன்ல பிரிச்சு அனுப்பிட்டேன். தன்னை உள்ளே விடாதது மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம்னு பெரியவர் கேட்டுக்கிட்டாரு. பாவமா இருந்துச்சு, நானும் மூச்சு விடலை."

மேனேஜர் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

நீதிபதி கம்பெனி வக்கீலிடம் திரும்பினார். "தன் இடத்துக்கு ஒருத்தரை அனுப்பக்கூட உரிமை இல்லாதவர், எப்படிங்க தனியாத் தொழில் பண்றவர் ஆவார்? இவர் உங்க தொழிலாளிதான்."

பின்வரிசையில் வேன் டிரைவர்கள் கைதட்டிவிட்டார்கள். மாமனார் ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி இறங்கி வாசலுக்கு நடந்தார்.

பக்கத்தில் வேறு ஏதோ கேஸுக்காக உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார். "யாருப்பா அந்தப் பெரியவர்? இத்தனை பேர் நடுவுல தன் மானத்தைத் தானே கப்பலேத்திட்டுப் போறாரே!"

மாப்பிள்ளை எழுந்து நின்றான். கோர்ட் என்றுகூடப் பார்க்காமல், வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான்.

"என் மாமனாருங்க!"