இருட்டுக்கு ஒரு விசில்

திருப்பத்தூர் தியேட்டரில் 'வெள்ளிமீன்' பாட்டுக் குழு ஊர் ஊராகப் போய்ப் பாடிய கச்சேரிகளின் படம். தேவயானியும் தோழிகளும் குழுவின் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் வந்திருந்தார்கள். பக்கத்து சீட்டில், ஜவ்வாது மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த குப்பம்மா.

பாடகர்கள் தோன்றும்போதெல்லாம் தியேட்டரே அலறியது. குப்பம்மா பேசாமல் இருந்தாள். பாட்டு முடிந்து மேடை இருண்டதும் விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். சாமைக் கொல்லையில் கிளி ஓட்டுகிற விசில். காதை அடைத்தது.

தேவயானிக்குப் பொறுக்கவில்லை.

"பாட்டு முடிஞ்சி இருட்டாய்டிச்சி. இப்ப இன்னாத்துக்கும்மா விசிலு? அவங்கள புடிக்கலன்னா எதுக்கு வந்தீங்க?"

"அவங்க நல்லாத்தான் பாடுறாங்க. நீ மேல பாரு கண்ணு."

திரையில், மேடைக்கு மேலே விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டத்தில், இடுப்புக் கயிற்றோடு ஒரு உருவம் விறுவிறுவென்று ஏறியது. அடுத்த பாட்டுக்கு விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு மறைந்தது.

"எம் பொண்ணு அமுதவல்லி. புளியமரம் ஏறாதடின்னு எத்தினி வாட்டி அடிச்சிருக்கேன்."

வெளிச்சம் வந்தது. பாடினார்கள். மறுபடி மேடை இருண்டது.

குப்பம்மா விரலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள், டி-ஷர்ட் வரிசை முழுக்க விசில் கிளம்பியது.