மிஞ்சும் ஈரல்

ஜன்னல் திரையின் இடுக்குகள் வழியே காலை வெயில் மருத்துவரின் மேசையில் கோடுகோடாக விழுகிறது. யோங் பெங் என்ற ஊரிலிருந்து வந்திருக்கும் லாரி ஓட்டுநர் ரூபேந்திரனும் அவன் மனைவி லோஷினியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் ஈரலின் வலப்பக்கம் புற்றுக்கட்டி. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்தால் மிஞ்சும் சிறு பகுதி உடம்பைத் தாங்குமா என்று இன்று தெரிந்துவிடும். அறுவை மருத்துவர் சிந்துஜா கணினியில் சாம்பல் நிற ஸ்கேன் படத்தைக் காட்டுகிறார். “இதுல ஈரலோட வடிவம் மட்டும்தான் தெரியும். எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியாது.” ஊசி மருந்து செலுத்தி எடுத்த இன்னொரு படத்தை அதன்மேல் பொருத்துகிறார். சாம்பலுக்குள் இடப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று ஒளிர்கிறது. லோஷினியின் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்குகின்றன. “டாக்டர், அந்தக் கலரு... அங்கயும் பரவிருச்சா?” “இல்லம்மா. அந்த இடம் நல்லா வேலை செய்யுது, அதான் ஒளிருது. சின்னதா இருந்தாலும் அவருக்குப் போதும். ஆபரேஷன் பண்ணலாம்.” ரூபேந்திரன் எழுந்துபோய்க் குனிந்து பார்க்கிறான். தன் உடம்பில் நல்லதும் ஏதோ இருக்கிறது என்று இந்த மூன்று மாதத்தில் இப்போதுதான் ஒருவர் சொல்கிறார். பின்னால் விசும்பல் கேட்டுத் திரும்புகிறான். “ஏன் லா அழுவுற? நல்லதுதானே சொல்றாங்க.” “தெரியுங்க,” என்கிறாள் லோஷினி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அழுதுகொண்டே.