அந்தமானில் பனி

நடுவர் பக்கத்து மேசைக்கு வந்ததும் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

கண்காட்சி பள்ளிக்கூடத்தில். போட்டி ஐந்தாம் வகுப்புக்கு. படபடப்பு மட்டும் அப்பாவுக்கு.

எரிமலையைக் குறை சொல்ல முடியாது. இடுப்பு உயரம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். உள்ளே சிவப்பு எல்.இ.டி. விளக்கு. உச்சியில் பனிக்காக ஒட்டிய பஞ்சு. காய்ச்சல் என்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவன் செய்தது.

மகள் இலக்கியா வேறு ஒன்று செய்யத்தான் நினைத்திருந்தாள். ஒரு தட்டு, நீலத் தண்ணீர், நடுவில் களிமண்.

"கடல்தான் பெருசுப்பா. மலை மேல கொஞ்சூண்டுதான் தெரியும்."

"தெரியாததுக்கு எவன்டா பிரைஸ் குடுப்பான்?" என்று கேட்டு அவன்தான் களிமண்ணைத் தூக்கி வெளியே போட்டான்.

நடுவர் அம்மா வந்துவிட்டார். குனிந்து, "இது எந்த ஊரு எரிமலை?" என்றார்.

"பாரன் தீவு மிஸ். அந்தமான். அங்க கடலுக்கு அடியில இந்தியத் தட்டு, பர்மாத் தட்டுக்குக் கீழ நழுவிப் போகுது. கூடவே தண்ணியும் போகுது. தண்ணி சேர்ந்தா மேல இருக்கிற சூடான பாறை சுலபமா உருகும். உருகினது லேசா ஆயிடும். அதான் மேல வருது."

மூச்சு விடாமல் சொன்னாள்.

அவனுக்கு இதெல்லாம் தெரியாது. பூமிக்குக் கோபம் வந்தால் வெடிக்கும் என்ற அளவில்தான் அவன் நிறுத்தி வைத்திருந்தான்.

நடுவர் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தமான்ல பனி பெய்யுமாடா கண்ணு?"

அப்பா ஒட்டினது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள்.

அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அது வந்து மேடம், இது ஜப்பான் மாடல்..."

"சார், நீங்க எந்த செக்‌ஷன்?"

ஹாலே சிரித்தது. நல்ல ஜோக்கை விட மனமில்லாமல் அவனும் சிரித்தான்.

மகள் சிரிக்கவில்லை.

பாதிச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சரி, வெடிக்கட்டும் பார்ப்போம்," என்றார் நடுவர். பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

அவன் வினிகர் பாட்டிலை அவளிடம் நீட்டினான்.

"நீ ஊத்துடா தங்கம்."

"நீங்களே ஊத்துங்கப்பா."

குரலில் கோபமில்லை. கோபமென்றால் ஓர் ஐஸ்கிரீமோடு முடிந்திருக்கும். அதற்கெல்லாம் அவன் கைதேர்ந்தவன்.

ஊற்றினான்.

பாழாய்ப்போன நுரை பிரமாதமாகப் பொங்கியது. சிவப்பாக வழிந்தது. மேசை விரிப்பை நனைத்தது. அவன் பேண்ட் வரை தெறித்தது.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான். மேசைக்குப் பின்னால் அவள் இல்லை.

முன்னால் இருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளோடு, இரண்டாவது வரிசையில்.

எல்லோரும் தட்டியபோது அவளும் கை தட்டினாள்.