நாலு தடவை செத்தால் போதும்

"சும்மா உள்ள போய் நில்லு. அவன் சுடுவான். நாலு தடவை செத்துட்டு வந்துடு, போதும்."

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த கணவன் தலையணைக்குள்ளிருந்து சொன்னான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வலது கண்ணின் விழித்திரை பிய்ந்து, உள்ளே வாயுவை நிரப்பி ஒட்டவைத்திருந்தார்கள். ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நடுவில் வட்டமாக வெட்டிய தலையணையில் முகத்தைப் புதைத்து, மூன்று நாளாகத் தரையோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரு ஞாயித்துக்கிழமை ஆடலன்னா குடியா முழுகிடும்?"

"பன்னெண்டு வருஷமா தவறினதில்ல. ஆளைக் காணோம்னா அவன் ஏதாச்சும் நெனச்சுக்குவான்."

அந்த 'அவன்', முன்பு கூட வேலை பார்த்த ஆளாம். இப்போது வேறு ஊராம். விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர் 'இரும்பு'. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் தையல்காரி. எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பி, தையல் எப்படிப் போயிருக்கிறது என்று பார்க்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பிடிபடாத ஒரே சமாசாரம் இந்தத் துப்பாக்கி விளையாட்டு.

புதிதாக எத்தனையோ வந்துவிட்டன. மழை பெய்தால் நனைந்துவிடுவோமோ என்று பயப்படும் அளவுக்கு நிஜமாக இருக்கும். அவளே ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பத்து நாள் ஆடிவிட்டு மூட்டை கட்டி வைத்துவிட்டான்.

மறுபடியும் இதுதான். அதே கிடங்கு, அதே இரண்டு முற்றம், அதே சுரங்க வழி. அட்டையில் வரைந்து நிறுத்தியது போலச் சுவர்கள். ஒரு மேகம்கூட இல்லாத, வெறும் நீலம் பூசிய வானம்.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

மணி மூன்றானது. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளையாட்டுக்குள் போனாள்.

முதலில் வானத்தைப் பார்த்தாள். பிறகு தரையை. மவுஸைக் கொஞ்சம் அசைத்தாலே கிடங்கு முழுக்கச் சுற்றியது. ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டு, முட்டியபடியே நடந்துகொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் காலடிச் சத்தம் கேட்டது.

"தகரத்து மேல வர்றான்," என்றான் கணவன், தரையைப் பார்த்தபடியே. "இப்ப ஏணி. ஏணிகிட்ட ஒரு நொடி நிப்பான், பாரு."

சத்தம் நின்றது.

"எதுக்கு நிக்கிறாரு?"

"எட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு தடவை அங்க மேலேருந்து சுட்டுட்டேன். அன்னையிலேருந்து நின்னு பாத்துட்டுதான் ஏறுவான்."

அவள் திரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கணவனின் முகம் தெரியவில்லை, பின்னந்தலைதான் தெரிந்தது. ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. மூன்று நாளில் இப்போதுதான் சிரிக்கிறான்.

நம் காலடியை இந்த மனுஷன் இப்படிக் கண்டுபிடிப்பானா என்று ஒரு கணம் யோசித்தாள். சந்தேகம்தான்.

திரும்பினால், இரும்பு எதிரே நின்றான்.

கறுப்பு முகமூடி. துப்பாக்கி நேராக அவள் நெஞ்சுக்கு. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையோ அழுத்திவிட்டாள். படபடவென்று சத்தம்.

"யாரு சுடறது?" என்றான் கணவன்.

"நான்தான்."

"பட்டுச்சா?"

"சுவத்துல பட்டுச்சு."

இரும்பு சுடவில்லை. அவளைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து வந்தான். கடைக்கு வந்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அவள் சுற்றி வந்து பார்ப்பாளே, அந்த மாதிரி.

பிறகு துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தான்.

"ஐயையோ, கத்தியை எடுத்துட்டாரு!"

"கத்தியை எடுத்தா சுடமாட்டேன்னு அர்த்தம்," என்றான் கணவன். குரல் இறங்கியிருந்தது. "ஏன் எடுத்தான்? அவன் அப்படிப் பண்ணினதே இல்லையே."

திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். கூட்டிப் படிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

'தம்பிக்கு என்னம்மா ஆச்சு?'

அவள் கை மவுஸை விட்டு விலகியது.

கணவனுக்கு ஒரே ஓர் அண்ணன். "அவளைக் கட்டினா எனக்குத் தம்பியே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர். கல்யாணத்துக்கு வரவில்லை. குழந்தை பிறந்தபோது வரவில்லை. ஃபோனை எடுத்ததில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அண்ணனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேச்செடுப்பதும் இல்லை.

மறுபடி படித்தாள். 'தம்பி'யைத் தாண்டி வந்து, அந்த 'ம்மா'வில் நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"என்ன, சுட்டானா?"

"இல்ல." கட்டில் பக்கம் திரும்பினாள். "உங்க அண்ணன் கேக்கறாரு, தம்பிக்கு என்ன ஆச்சுன்னு. என்ன சொல்லட்டும்?"

கணவனின் கழுத்தும் காதும் மெல்லச் சிவந்தன. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. இரும்பு நின்ற இடத்திலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுன்னு சொல்லிடாத," என்றான் கடைசியில், தரையைப் பார்த்து. "அவன் தாங்கமாட்டான்."